சூரியப் பாய்: வெளிச்சத்தால் நகரும் விண்கலங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிபொருளே இல்லாமல், சூரிய வெளிச்சம் தள்ளுவதாலேயே ஒரு விண்கலம் போகும் என்றால் பலரும் கதை விடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் 2010-லேயே ஒரு கலம் இப்படிப் பறந்து வெள்ளிக் கோளைத் தாண்டிப் போய்விட்டது. வெளிச்சம் தள்ளுமா என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. தலைவலி எல்லாம் வெளிச்சத்தை வாங்கிக் கலத்தை நகர்த்தும் பெரிய படலத்தை, அதாவது சூரியப் பாயை, மடித்து எடுத்துப்போய், ஆளில்லாத இடத்தில் கிழியாமல் விரிப்பதில்தான். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

வெளிச்சத்துக்கு நிறையே கிடையாதே, அது எப்படி ஒரு பொருளைத் தள்ளும்?

நிறை இல்லைதான், ஆனால் உந்தம் உண்டு. பள்ளியில் உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம் என்று படித்துவிட்டு, நிறை சுழி என்றால் உந்தமும் சுழி என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒளிக்கு அந்தச் சூத்திரம் ஒத்துவராது. அது கொண்டுவரும் ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் வருவதே அதன் உந்தம். கறுப்புத் தாளில் ஒளி விழுந்து மறைந்துபோனால் அந்த உந்தம் முழுவதும் தாளுக்குப் போகிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் வரும்போது ஒரு தள்ளு, போகும்போது இன்னொரு தள்ளு. அதனால்தான் பாயைப் பளபளவென்று செய்கிறார்கள்.

ஒளிக்கு அழுத்தம் இருந்தே ஆகவேண்டும் என்பதை மேக்ஸ்வெல் 1873-இல் தன் மின்காந்தக் கொள்கையிலிருந்தே கணக்குப் போட்டுக் காட்டினார். மாஸ்கோவில் பியோத்தர் லெபெதெவ் 1900 வாக்கில் வெற்றிடக் குடுவைக்குள் மெல்லிய தகடுகளைத் தொங்கவிட்டு அதை அளந்தே காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் நிக்கோல்ஸ், ஹல் இருவரும் இன்னும் துல்லியமாக அளந்தார்கள்.

எவ்வளவு தள்ளும்? எண்ணில் சொல்லுங்கள்.

பூமி இருக்கும் தூரத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,361 வாட். இதை ஒளியின் வேகமான நொடிக்கு 30 கோடி மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 4.5 மைக்ரோநியூட்டன் வரும். கண்ணாடி என்றால் இரண்டு மடங்கு, ஏறத்தாழ 9. ஒரு ஏக்கர் அளவுக்குக் குறையே இல்லாத கண்ணாடியை விண்வெளியில் விரித்துவைத்தாலும் கிடைக்கும் விசை, பூமியில் நான்கு கிராம் எடைக்கும் சற்றுக் குறைவுதான். உண்மையான படலம் விழுகிற ஒளி முழுவதையும் திருப்பி அனுப்பாது. அங்கங்கே சுருக்கம் இருக்கும், லேசாக வளைந்தும் இருக்கும். ஆகவே கையில் கிடைப்பது இதைவிடக் குறைவு.

இவ்வளவு அற்பமான விசைக்கு எதற்காக இத்தனை மெனக்கெடல்?

ராக்கெட் சில நிமிடம் எரிந்து நின்றுவிடும். வெளிச்சம் நிற்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லைட்செயில்-2 என்ற கலத்தின் எடை சுமார் 5 கிலோ, பாயின் பரப்பு 32 சதுர மீட்டர். சூரியனை நேராகப் பார்த்தபடி இருந்தால் அதற்குக் கிடைக்கும் முடுக்கம் நொடிக்கு நொடி 0.058 மில்லிமீட்டர். ஒரு நாள் முழுக்க இப்படித் தள்ளிக்கொண்டே இருந்தால் நொடிக்கு 5 மீட்டர் வேகம் கூடும், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். ஒரு மாதத்தில் மணிக்கு 540. இதற்காக ஒரு சொட்டு எரிபொருள்கூடச் செலவாகாது.

வேகத்தைவிட முக்கியமானது இந்தக் கடைசி விஷயம்தான். ராக்கெட்டில் போகும் எரிபொருளில் பெரும்பகுதி, மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. வாயுவை மின்னேற்றிப் பின்னால் பாய்ச்சித் தள்ளும் அயனி எந்திரம் எவ்வளவோ சிக்கனமானது. ஆனாலும் வெஸ்டா, சீரீஸ் என்ற இரு பொருள்களைச் சுற்றிவந்த டான் கலம் 425 கிலோ செனான் வாயுவைச் சுமந்துதான் கிளம்பியது. பாய்க்கு அந்தக் கணக்கே இல்லை, படலம் கெடாதவரை ஓடலாம்.

அதற்காகப் பாய்தான் எல்லாவற்றிலும் உசத்தி என்று சொல்ல வரவில்லை. டான் கலத்தின் எந்திரம் 90 மில்லிநியூட்டன் வரை தள்ளும். அந்த அளவுக்கு ஈடுகொடுக்க ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பாய் வேண்டும். இன்று நம்மிடம் இருக்கும் பாய்களை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கோள் பயணங்களுக்கு அயனி எந்திரமே மேல். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் விசை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை, எரிபொருள் கொண்டுபோகவே முடியாத வேலை என்று வரும்போதுதான் பாயைத் தேட வேண்டியிருக்கிறது.

தள்ளுவது சூரியக் காற்றுதானே?

இல்லை. அடிக்கடி வரும் குழப்பம் இது. சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து பீறிட்டு வரும் புரோட்டான், எலக்ட்ரான் போன்ற துகள்கள். அவற்றின் அழுத்தம் ஒளியின் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தத் துகள்களையே பிடித்துப் போகும் யோசனை ஒன்று தனியாக இருக்கிறது. பல கிலோமீட்டர் நீளக் கம்பிகளுக்கு மின்னேற்றம் கொடுத்து அவற்றை விலக்கும் 'மின்பாய்'. பின்லாந்தின் பெக்கா யான்ஹுனென் முன்வைத்தது அது. இங்கே நாம் பேசுவது வேறு.

அறிவியல் கண்காட்சியில் கண்ணாடிக் குமிழுக்குள் வெயில் பட்டதும் சுழலும் காற்றாடி வைத்திருப்பார்களே, அதுவும் இதே தத்துவமா?

அதுவும் இல்லை. அந்தக் குரூக்ஸ் காற்றாடியின் தகடுகளுக்கு ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. ஒளியழுத்தம்தான் சுழற்றுகிறது என்றால் பளபளக்கும் வெள்ளைப் பக்கம் கூடுதலாகத் தள்ளப்பட்டு, கறுப்புப் பக்கம் முன்னால் போக வேண்டும். நடப்பதோ நேர் எதிர். குமிழுக்குள் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் காற்று, சூடான கறுப்புப் பக்கத்தில் செய்யும் வேலை அது. லெபெதெவ் பட்ட பாடெல்லாம் இந்த வெப்பக் கோளாறை ஒதுக்கிவிட்டு ஒளியின் தள்ளலை மட்டும் பிரித்தெடுக்கத்தான்.

இதை முதலில் யோசித்தது யார்?

வால்வெள்ளியின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே நீள்வதை வைத்து, சூரியனிலிருந்து ஏதோ ஒன்று தள்ளுகிறது என்று ஊகித்தவர் கெப்ளர். வானத்துக் காற்றுக்கு ஏற்ற பாய் கட்டிய கப்பல்கள் ஒருநாள் வரும் என்று 1610-இல் கலிலியோவுக்குக் கடிதமும் எழுதினார். தொழில்நுட்பமாக இதை எடுத்துப் பேசியவர்கள் 1920-களில் ரஷ்யாவில் த்சியோல்கோவ்ஸ்கியும் ஃபிரெட்ரிக் த்சாந்தரும்.

காகிதத்திலிருந்து வரைபடத்துக்கு வந்தது 1976-77-இல். 1986-இல் வரவிருந்த ஹாலி வால்வெள்ளியோடு சேர்ந்தே பயணிக்கும் கலம் ஒன்றை நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் திட்டமிட்டது. பக்கத்துக்கு 800 மீட்டர் உள்ள சதுரப் பாய் என்றார்கள். பிறகு ஒவ்வொன்றும் ஏழரைக் கிலோமீட்டர் நீளமுள்ள 12 பட்டைகள், ஹெலிகாப்டர் இறக்கை மாதிரிச் சுழலும் என்றார்கள். ஒரு கைக்குட்டை அளவுப் பாயைக்கூட அதுவரை யாரும் விண்வெளியில் விரித்துப் பார்த்ததில்லை! அயனி எந்திரமே போதும் என்று பாயை ஒதுக்கினார்கள், கடைசியில் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. பாய்க் குழுவுக்குத் தலைமை தாங்கிய லூயிஸ் ஃபிரீட்மன் மட்டும் இதை விடவில்லை. 1980-இல் கார்ல் சேகன், புரூஸ் மரே இருவரோடும் சேர்ந்து பிளானட்டரி சொசைட்டியைத் தொடங்கியவர் அவர். அந்தச் சங்கத்தின் பெயர் கீழே மறுபடியும் வரும்.

வெளிச்சம் வெளிப்பக்கமாகத்தானே தள்ளும், அப்படியானால் சூரியனை நோக்கி எப்படிப் போவது?

பாயைச் சாய்த்துப் போகலாம்.

எந்தக் கலமும் விண்வெளியில் சும்மா நிற்பதில்லை, சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியின் தூரத்தில் அந்த ஓட்டம் நொடிக்கு 30 கிலோமீட்டர். கண்ணாடிப் பாயில் படும் ஒளியின் தள்ளல் ஏறக்குறைய பாயின் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும். பாயை ஒருபக்கம் சாய்த்தால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு ஓட்டத்தின் திசையிலேயே விழும். கலம் வேகம் பிடித்து, சுருள் சுருளாக வெளியே போகும். மறுபக்கம் சாய்த்தால் ஓட்டத்துக்கு எதிராக விழும். வேகம் குறையும், சூரியனின் ஈர்ப்பு கலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடலில் எதிர்க்காற்றில் பாய்மரக்காரர்கள் படகின் அடிப்பலகையைத் துணைக்கு வைத்து வளைந்து வளைந்து போவார்கள். இங்கே அந்தத் துணையைச் செய்வது ஈர்ப்பு.

எவ்வளவு சாய்ப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சாய்க்கச் சாய்க்கப் பாயில் விழும் வெளிச்சமே குறைந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சுமார் 35 பாகையில்தான் பக்கவாட்டு விசை அதிகம் கிடைக்கிறது.

பாயின் விசையும் சூரிய ஈர்ப்பும் சரிசமமாகி, கலம் அப்படியே நிற்க முடியுமா?

கணக்குப்படி முடியும். சூரியனிலிருந்து விலக விலக ஒளியழுத்தம் எந்த விகிதத்தில் குறைகிறதோ, ஈர்ப்பும் அதே விகிதத்தில்தான் குறைகிறது. அதனால் ஓரிடத்தில் சமமானால் எல்லா இடத்திலும் சமம். அதற்குக் கலமும் பாயுமாகச் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராமுக்குள் இருக்க வேண்டும். லைட்செயில்-2-இல் இது ஏறத்தாழ 156 கிராம். பிறகு உங்களுக்கே தெரியும், எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று.

பாயை எதனால் செய்கிறார்கள்? விண்கல் துகள் பட்டு ஓட்டை விழாதா?

மைலார், பாலிஇமைடு போன்ற பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிகமிக மெல்லிய அலுமினியப் பூச்சு. லைட்செயில்-2-இல் படலத்தின் தடிமன் 4.5 மைக்ரோமீட்டர். ஜப்பானின் இக்காரோஸ் கலத்தில் 7.5. நம் தலைமுடி இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் தடிமன்.

ஓட்டை விழத்தான் செய்யும். கடற்பாயைப் போலக் காற்றைப் பிடித்துவைக்கும் வேலை இதற்கு இல்லை என்பதால், ஓட்டையின் பரப்பளவு விசை குறையும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது கிழிசலுக்கு. ஒரு துளையிலிருந்து கிழிசல் ஓடிவிடாதபடி படலத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு இழைகள் வைக்கிறார்கள். புற ஊதாக் கதிரும் காலப்போக்கில் பிளாஸ்டிக்கை நொறுங்கவைக்கும்.

அவ்வளவு மெல்லியதை எப்படி மடிக்கிறார்கள், எப்படி விரிக்கிறார்கள்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கம்பம் வைப்பது. எஃகு அளவுநாடா மாதிரிச் சுருண்டிருக்கும் உலோகக் கம்பங்களை மோட்டார் வெளியே தள்ளும், அவை நிமிர்ந்து நீளும்போது நான்கு முக்கோணப் பாய்களையும் இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்கக் கலங்கள் பெரும்பாலும் இந்த வழி. இதில் கம்பம்தான் எடை.

இன்னொன்று, கம்பமே இல்லாமல் கலத்தைச் சுழற்றி விரிப்பது. இதை முழுதாகச் செய்துகாட்டியது ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்சா. 2010 மே 21 அன்று தனேகஷிமா தீவிலிருந்து, வெள்ளிக் கோளுக்குப் புறப்பட்ட அகாட்சுகி கலத்தோடு சேர்ந்து அதே ராக்கெட்டில் இக்காரோஸும் கிளம்பியது. சுமார் 310 கிலோ எடை, உருளை வடிவம். அந்த உருளையைச் சுற்றி, பக்கத்துக்கு 14 மீட்டர் உள்ள சதுரப் பாயை மடித்துச் சுற்றிவைத்திருந்தார்கள். பாய் ஒரே துண்டு இல்லை. நான்கு இதழ்களை ஒட்டியது. ஒவ்வொரு மூலையிலும் அரைக் கிலோ எடைக் கல் ஒன்று.

விரித்த முறையைப் பாருங்கள். முதலில் மூலை எடைகளை விடுவித்தார்கள். கலத்தின் சுழற்சியை நிமிடத்துக்கு 25 சுற்று வரை ஏற்றினார்கள். எடைகள் வெளிப்பக்கமாக இழுக்க, இதழ்கள் பட்டை பட்டையாக மெள்ள அவிழ்ந்து ஒரு கூட்டல் குறி வடிவத்துக்கு வந்தன. உருளையைச் சுற்றியிருந்த தடுப்புகள் இதழ்களைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவை ஒரேயடியாக விரிந்துவிடவில்லை. இழுவை சீராக இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் தடுப்புகளை விட்டார்கள். அதுவரை பட்டைகளாக நின்ற படலம் சட்டென்று விரிந்து சதுரமானது. பாய் விரிய விரியச் சுழற்சி தானாகவே தளர்ந்தது. சறுக்குப் பனியில் சுழல்பவர் கையை நீட்டினால் வேகம் குறையுமே, அதே விதி. இத்தனையும் ஒரு வாரத்துக்கு மேல், படிப்படியாக நடந்தது.

பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளங்கையில் அடங்கும் உருளைக் கேமரா ஒன்றைச் சுருள்வில்லால் வெளியே தள்ளிவிட்டார்கள். அது விலகிப் போய்க்கொண்டே திரும்பிப் பார்த்து, முழுப் பாயையும் படம் பிடித்து, கம்பியில்லாமல் அனுப்பிவிட்டு, போனது போனதுதான். நான்கு ஓரமும் இழுத்து நிற்க, நடுவே உருளை தெரியும் அந்தப் படம் வந்திருக்காவிட்டால், பாய் சரியாக விரிந்ததா என்பதைத் தரவுகளை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பாயில் கிடைத்த விசை 1.12 மில்லிநியூட்டன் என்று அளந்தார்கள். ஐந்தாறு அரிசி மணியின் எடை. அதை வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் கலத்தின் வேகத்தில் நொடிக்குச் சுமார் 100 மீட்டர் மாற்றம் சேர்ந்தது. டிசம்பர் 8 அன்று இக்காரோஸ் வெள்ளியை 80,800 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போனது.

விரித்த பாயை எப்படித் திருப்புவது? சுக்கான் ஏது?

இக்காரோஸ் இதற்குச் செய்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. பாயின் ஓரங்களில் திரவப் படிகத் தகடுகள் வைத்திருந்தார்கள், நம் கைக்கடிகாரத் திரையில் இருக்கும் அதே வகைப் பொருள்தான். மின்சாரம் கொடுத்தால் பளபளப்பாகும், நிறுத்தினால் மங்கலாகும். ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்கி மறுபக்கத்தை மங்கலாக்கினால் ஒளியழுத்தம் இரண்டு பக்கமும் வேறுபட்டுப் பாய் திரும்பிக்கொள்ளும். நகரும் பாகம் ஒன்றும் கிடையாது. லைட்செயில்-2 இதற்கு உள்ளே சுழலும் சக்கரம் ஒன்றை வைத்துக்கொண்டது.

அப்படியானால் லைட்செயில்-2 என்ன செய்தது?

பூமியைச் சுற்றிக்கொண்டே பாயை வைத்துச் சுற்றுப்பாதையை மாற்ற முடியும் என்று காட்டியது. பிளானட்டரி சொசைட்டி உறுப்பினர்களும் பொதுமக்களும் கொடுத்த பணத்தில் ஒரு ரொட்டிப் பொட்டல அளவில் கட்டிய கலம். 2019 ஜூன் 25-இல் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் போய், ஜூலை 23-இல் பாய் விரித்தது.

பூமியைச் சுற்றும்போது ஒரு சங்கடம் உண்டு. பாதிச் சுற்றில் சூரியனை நோக்கிப் போவீர்கள், பாதிச் சுற்றில் விலகிப் போவீர்கள். பாயை ஒரே நிலையில் வைத்திருந்தால் சேர்ந்த லாபம் எல்லாம் அடுத்த பாதியில் நஷ்டமாகிவிடும். அதனால் சுற்றுக்கு இரண்டு தடவை பாயை 90 பாகை திருப்ப வேண்டும். விலகும்போது பரப்பைக் காட்டி, நெருங்கும்போது விளிம்பைக் காட்டி. ஒரு சுற்று 100 நிமிடம் என்றால், நாள் முழுக்க இதே வேலை. முதல் சில நாளிலேயே சுற்றுப்பாதையின் உச்சி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயர்ந்தது, வெற்றி என்று ஜூலை 31-இல் அறிவித்தார்கள். 720 கிலோமீட்டர் உயரத்திலும் காற்றின் உராய்வு கொஞ்சம் உண்டு. பாய் தூக்க, காற்று இறக்க என்று மூன்று ஆண்டுக்கு மேல் இழுபறியாக ஓடி, 2022 நவம்பர் 17-இல் எரிந்து விழுந்தது.

அதற்கு முன்னோடியான லைட்செயில்-1 கதை வேறு மாதிரி. 2015-இல் மேலே போன இரண்டே நாளில் கலம் பேச்சை நிறுத்திவிட்டது. ஒரு கோப்பு பெருத்துக்கொண்டே போய்க் கணினியை முடக்கிவிட்டது. இங்கிருந்து கட்டளை அனுப்பினாலும் கேட்கும் நிலையில் அது இல்லை. ஏதாவது அண்டக்கதிர்த் துகள் வந்து மோதி, கணினி தானாக அணைந்து திறந்தால் உண்டு என்று காத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கணினி மறுபடி எழுந்தது, பாயும் ஜூன் 7-இல் விரிந்தது.

தோற்றுப்போனவை?

ஜெயித்ததைவிட அதிகம். பிளானட்டரி சொசைட்டியின் காஸ்மாஸ்-1 பேரண்ட்ஸ் கடலில் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து 2005 ஜூன் 21-இல் ஏவப்பட்டது. 83 நொடியில் ராக்கெட் நின்றுவிட்டது, 600 சதுர மீட்டர் பாய் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. நாசாவின் நானோசெயில்-டி 2008-இல் ஃபால்கன்-1 ராக்கெட்டோடு விழுந்தது. அதன் இரட்டை 2010 நவம்பரில் மேலே போய், தாய்க்கலத்தை விட்டு வெளியே வராமல் அடம்பிடித்து, இரண்டு மாதம் கழித்து யாரும் எதிர்பாராத நாளில் தானாக வெளியே குதித்து, 10 சதுர மீட்டர் பாயை விரித்தது. நியா ஸ்கௌட் என்ற கலம் 86 சதுர மீட்டர் பாயோடு 2022 நவம்பரில் நாசாவின் ஆர்ட்டெமிஸ்-1 நிலவுப் பயணத்தோடு போனது. ஒரு குறுங்கோளைப் பார்க்க வேண்டியது, ஒரு தடவைகூடப் பேசவில்லை.

இந்தப் பட்டியலில் எதிலும் ஒளி தள்ளாமல் போனதால் தோல்வி என்று இல்லை. ராக்கெட், கதவு, வானொலி. பாய் தன் வேலையைச் செய்ய வாய்ப்புக் கிடைத்த இடங்களில் எல்லாம் கணக்குப்படியே தள்ளப்பட்டிருக்கிறது.

இந்தியா இதில் ஏதாவது செய்திருக்கிறதா?

பயணத்துக்கான பாய் இதுவரை இல்லை. ஆனால் இந்தியச் செயற்கைக்கோள்களில் 1982-லிருந்தே சூரியப் பாய் இருந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இன்சாட்-1 வரிசைக் கோள்கள் தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவை. வானிலைக் கேமராவின் அகச்சிவப்பு உணரியைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும். அதற்காகக் கோளின் வடக்குப் பக்கம் எதுவும் சூடு பரப்பாமல் காலியாக விடப்பட்டது. சூரிய மின்தகடுகள் முழுவதும் தெற்குப் பக்கம் போய்விட்டன. அப்போது வெளிச்சம் தெற்குப் பக்கத்தை மட்டும் தள்ளித் தள்ளிக் கோளையே திருகப் பார்க்கும். ஈடுகட்ட, வடக்குப் பக்கம் நீண்ட கம்பத்தின் நுனியில் ஒரு பாய். கோளை எங்கும் ஓட்டுவதற்கு அல்ல, திருகாமல் பிடித்துவைக்க.

1982 ஏப்ரல் 10-இல் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ-வில் அந்தப் பாய் விரியவே இல்லை. ஏழாண்டு ஓட வேண்டிய கோள், நிலைநிறுத்தும் எரிபொருள் தீர்ந்து ஓராண்டுகூட ஓடாமல் கைவிடப்பட்டது. ஒளியழுத்தம் ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கோளின் கதையைத்தான். 1992-இல் இஸ்ரோவே கட்டி அனுப்பிய இன்சாட்-2ஏ-விலும் கம்பமும் பாயும் இருந்தன, அது நன்றாகவே ஓடியது.

பாயே இல்லாத கலங்களுக்கு ஒளியழுத்தம் உதவியிருக்கிறதா?

நிறைய. புதனுக்குப் போன மரைனர்-10-இல் 1974-75-இல் நிலைநிறுத்தும் வாயு தீர்ந்துகொண்டே வந்தது. மின்தகடுகளைச் சாய்த்து வெளிச்சத்தையே துணைக்கு வைத்துக்கொண்டு புதனை மூன்றாம் முறையும் எட்டிப் பார்த்தார்கள். மெசஞ்சர் கலமும் புதன் பயணத்தில் பாதையைச் சரிசெய்ய இதே உத்தியைக் கையாண்டது.

கெப்ளர் தொலைநோக்கியின் கதை இன்னும் சுவையானது. நான்கு சமநிலைச் சக்கரங்களில் இரண்டு பழுதாகி, 2013 மே மாதத்தோடு கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். மூன்று சக்கரமாவது இல்லாமல் தொலைநோக்கியை ஆடாமல் பிடிக்க முடியாது. பொறியாளர்கள் கலத்தை ஒரு குறிப்பிட்ட சாய்வில் வைத்து, மின்தகடுகளின் மேல் விழும் வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளும்படி செய்தார்கள். மூன்றாம் சக்கரத்தின் இடத்தைச் சூரியன் எடுத்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டில் 2018 வரை அது புதுக்கோள்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது.

தரையிலிருந்தே பாய் விரித்துக் கிளம்ப முடியுமா?

முடியாது, ராக்கெட் வேண்டும். கீழ்ச் சுற்றுப்பாதையிலும் காற்றின் உராய்வு ஒளியைவிட அதிகம். எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் பாய்க்கு வேலை. உராய்வையே பயன்படுத்தி, ஆயுள் முடிந்த செயற்கைக்கோளைச் சீக்கிரம் கீழே இறக்கவும் சிறு பாய்கள் உதவும். நானோசெயில்-டியின் இரட்டை 240 நாளில் இறங்கிவிட்டது அப்படித்தான்.

மனிதர்கள் போகலாமா?

டன் கணக்கில் எடை. இப்போதைக்கு மறந்துவிடலாம்.

வேறு விண்மீனுக்கு?

சூரியனை விட்டுத் தள்ளிப்போகப் போக வெளிச்சம் மங்கிவிடும். வியாழன் தூரத்திலேயே பூமியில் கிடைப்பதில் இருபத்தேழில் ஒரு பங்குதான். அதனால் இங்கிருந்து லேசர் அடிக்கலாம் என்று ராபர்ட் ஃபார்வர்ட் 1984-இல் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதினார். 2016 ஏப்ரல் 12-இல் செல்வந்தர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் அறிவித்த பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம் அதன் வாரிசு. சில கிராம் எடைக் கலம், சில மீட்டர் பாய், தரையிலிருந்து 100 கிகாவாட் லேசர், சில நிமிடத்தில் ஒளியின் வேகத்தில் 20 விழுக்காடு. 4.37 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஆல்ஃபா சென்டாரிக்கு இருபது ஆண்டுக்குச் சற்று மேல். இதில் இயற்பியல் விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனால் அத்தனை லேசரையும் வாங்கி ஆவியாகாத படலமும் நம்மிடம் இல்லை, அவ்வளவு மின்சாரத்தைச் சில நிமிடத்துக்காவது ஒரே இடத்தில் திரட்டும் லேசர்க் கூட்டமும் இல்லை. என் பேரப்பிள்ளைகள் காலத்துச் சமாச்சாரம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு எதற்குத்தான் இது உடனடியாகப் பயன்படும்?

சூரியப் புயல் எச்சரிக்கைக்கு. இப்போது எச்சரிக்கைக் கலங்கள் பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டரில், ஈர்ப்பு சமப்படும் இடத்தில் நிற்கின்றன. இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 இருப்பதும் அங்கேதான். அதைத் தாண்டிச் சூரியனுக்கு இன்னும் நெருக்கமாக ஒரு கலத்தை நிறுத்திவைத்தால் எச்சரிக்கை முன்னதாகக் கிடைக்கும். ஆனால் அங்கே நிற்க வேண்டுமென்றால் ஓயாமல் விசை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எந்த எரிபொருளும் கட்டுப்படியாகாது. பாய்க்கு இது தோதான வேலை. சூரியனின் துருவங்களை மேலிருந்து பார்க்கும் பாதைக்கு ஏறுவதும் அப்படியே. இதை முயன்றுபார்க்க 1,600 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பாயோடு நாசா திட்டமிட்ட சோலார் குரூஸரை 2022-இல் அடுத்த கட்டத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். என்னைக் கேட்டால் தப்பான முடிவு.

நடந்துகொண்டிருப்பது கம்ப வேலை. 2024 ஏப்ரலில் நியூசிலாந்திலிருந்து எலக்ட்ரான் ராக்கெட்டில் போன நாசாவின் ஏசிஎஸ்-3 கலத்தில், உலோகத்துக்குப் பதில் கார்பன் இழை கலந்த 7 மீட்டர்க் கம்பங்கள். வெயிலில் ஒரு பக்கம் சூடேறினாலும் உலோகம் அளவுக்கு வளையாது, எடையும் குறைவு. சுமார் 1,000 கிலோமீட்டர் உயரத்தில் ஆகஸ்ட் 29-இல் 80 சதுர மீட்டர்ப் பாய் விரிந்தது. ஒரு கம்பம் லேசாக வளைந்திருப்பது கேமராவில் தெரிந்தது, கலமும் கட்டுப்பாடில்லாமல் மெள்ள உருண்டது. இதே வகைக் கம்பத்தில் 500 சதுர மீட்டர் வரை போகலாம் என்பது நாசாவின் கணக்கு. அந்த அளவுக்குக் கம்பத்தை நீட்டி அது நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே சொன்ன எச்சரிக்கைக் கலத்துக்கெல்லாம் தேதி குறிக்க முடியும்.